மனித செல் ஏற்றிய சுண்டெலி உங்களுக்குத் தேவையா? குடல் அழற்சி நோய் ஆய்வுக்கு ஐந்து மாதிரிகள், ஓர் ஒப்பீடு

இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தைச் சாதாரண சுண்டெலிக்குக் கொடுத்தால் ஒரு பயனும் இருக்காது. 1998இல் அமெரிக்காவில் க்ரோன் நோய் என்ற குடல் அழற்சிக்கு ஒப்புதல் பெற்ற மருந்து அது. பல நோயாளிகளின் வாழ்க்கையை மாற்றிய மருந்தும்கூட. ஆனால் அது பற்றிக்கொள்வது அழற்சியைத் தூண்டும் மனித டிஎன்எஃப் புரதத்தை மட்டும்தான். சுண்டெலியின் டிஎன்எஃப் அதன் பிடிக்குள் வராது. சுண்டெலியில் மட்டும் சோதித்து முடிவெடுத்திருந்தால் அந்த மருந்தைக் குப்பையில் போட்டிருப்போம்.

இதைக் கேட்டதும் பல ஆராய்ச்சி மாணவர்கள் நேராக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: அப்படியானால் மனித செல் ஏற்றிய சுண்டெலிதான் சரி, அதையே வாங்கிவிடலாம். வழிகாட்டியும் தலையாட்டுகிறார், நிதி விண்ணப்பத்திலும் அந்தச் சொல் நன்றாக ஒலிக்கிறது. இரண்டு வருடம் கழித்து, கையில் இருக்கும் தரவு குடல் அழற்சியைக் காட்டுகிறதா, வேறு எதையாவது காட்டுகிறதா என்று தெரியாமல் நிற்கிறார்கள். அந்த இரண்டு வருடம் போவதற்கு முன்பே யோசிக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

குடல் அழற்சி நோய் என்ற குடையின்கீழ் க்ரோன் நோயும் பெருங்குடல் புண் அழற்சியும் (அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்) வருகின்றன. இரண்டிலும் நான்கு தரப்புகள் சம்பந்தப்பட்டிருக்கின்றன: குடலின் உட்பூச்சு செல்கள், நோயெதிர்ப்புச் செல்கள், குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள், இவற்றையெல்லாம் இயக்கும் மரபணுக்கள். இந்த நான்கும் மனிதனுடையதாக இருக்கும் சுண்டெலி எங்கும் இல்லை. எனவே முதல் கேள்வி இதுதான்: உங்கள் ஆய்வுக்கு இந்த நான்கில் எது கட்டாயம் மனிதனுடையதாக இருக்க வேண்டும்? இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை என்றால் இன்னும் எந்தச் சுண்டெலியையும் வாங்காதீர்கள்.

அடுத்தது காலம். சோதனை தொடங்க எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும், தொடங்கியபின் எத்தனை வாரம் கையில் இருக்கிறது? மூன்றாவது, ரத்தமோ மலமோ கொடுக்க எத்தனை மனிதர்கள் கிடைப்பார்கள். நான்காவது, நீங்கள் அளப்பது குடல் அழற்சியைத்தானா. கடைசியாகக் கூடம், அனுமதி, பணம். பணத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் நான்கில் தவறினால் செலவழித்தது எவ்வளவாக இருந்தாலும் வீண்தான்.

## சாதாரண சுண்டெலி: டிஎஸ்எஸ், டி-செல் மாற்றம், ஐஎல்-10 நீக்கம்

குடிநீரில் 2 அல்லது 3 சதவீதம் டிஎஸ்எஸ் (டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் சோடியம்) கலந்து ஐந்து முதல் ஏழு நாள் கொடுத்தால் குடலின் உட்பூச்சு சிதைந்து, எடை குறைந்து, மலத்தில் ரத்தம் வரும். 1990இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை இது. மலிவானது, வேகமானது, யார் செய்தாலும் வரும். உட்பூச்சு எப்படிச் சிதைகிறது, எப்படி ஆறுகிறது என்பது உங்கள் கேள்வி என்றால் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. டி-செல்லும் பி-செல்லும் (நோயெதிர்ப்பின் இரண்டு முக்கிய வெள்ளையணு வகைகள்) இல்லாத சுண்டெலிக்கும் டிஎஸ்எஸ் கொடுத்தால் அழற்சி வரும். டி-செல்லைக் குறிவைக்கும் மருந்தைக் குறுகிய கால டிஎஸ்எஸ் சோதனையில் சோதிப்பது பூட்டில்லாத கதவில் சாவியைச் சோதிப்பது மாதிரி. டி-செல்தான் முக்கியம் என்றால் வேறு வழி இருக்கிறது. புதிய, இன்னும் தூண்டப்படாத சிடி4 டி-செல்களை மட்டும் பிரித்தெடுத்து, டி-செல் இல்லாத சுண்டெலிக்கு ஏற்றும் முறை 1993 முதல் புழக்கத்தில் உள்ளது. ஐந்து முதல் எட்டு வாரத்தில் நாட்பட்ட அழற்சி வந்துவிடும்.

மறைமுகச் செலவுகள் இங்கேயும் உண்டு. டிஎஸ்எஸ் ஒரு சரக்கு மாதிரி இன்னொரு சரக்கு இருக்காது. புதுப் புட்டி திறந்தால் அளவை மறுபடி சரிபார்க்க வேண்டும். குடல் திசுவில் தங்கிவிடும் டிஎஸ்எஸ் பிசிஆர் வினையையே தடுக்கும். ஆர்என்ஏவை லித்தியம் குளோரைடால் கூடுதலாகச் சுத்தம் செய்யாவிட்டால், மரபணு வெளிப்பாடு குறைந்துவிட்டது என்று தவறாக எழுதிவிடுவீர்கள். சுண்டெலிகள் ஒன்றின் எச்சத்தை ஒன்று தின்னும், அதனால் ஒரே கூண்டில் இருப்பவற்றின் குடல் நுண்ணுயிர்கள் ஒன்றுபோலாகிவிடும். எனவே மருந்து கொடுத்த கூண்டும் கொடுக்காத கூண்டும் தனித்தனியாக இருந்தால், மருந்தின் விளைவையும் கூண்டின் நுண்ணுயிர் விளைவையும் பிரிக்கவே முடியாது.

சாதாரண சுண்டெலியை மனிதனுக்குப் பொருந்தாதது என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறேன். அழற்சியை அடக்கும் ஐஎல்-10 புரதத்தின் மரபணுவை நீக்கிய சுண்டெலிக்குக் குடல் அழற்சி வருவது 1993இல் தெரிந்தது. பிறகு க்ரோன் நோயாளிகளுக்கு ஐஎல்-10 புரதத்தையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை. சுண்டெலி ஏமாற்றிவிட்டது என்றே எல்லோரும் பேசினார்கள். 2009இல் நிலைமை மாறியது. பிறந்த சில மாதங்களிலேயே கடுமையான குடல் அழற்சிக்கு ஆளான குழந்தைகளிடம் ஐஎல்-10 ஏற்பியின் (ஐஎல்-10ஐப் பிடித்துச் செல்லுக்குச் செய்தி சொல்லும் புரதம்) மரபணுவில் பழுது கண்டுபிடிக்கப்பட்டது. எலும்பு மஜ்ஜை மாற்றினால் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்ற முடியும் என்பதும் தெரிந்தது. சுண்டெலி சொன்னது உண்மைதான். அது எந்த நோயாளியைப் பற்றிச் சொன்னது என்பது மட்டும் நமக்குப் புரிய 16 வருடம் ஆகியிருக்கிறது.

## வளர்ந்த மனித ரத்த செல்கள் ஏற்றிய சுண்டெலி

மனித செல்லை ஏற்க வேண்டுமானால் சுண்டெலியின் சொந்த எதிர்ப்பு சக்தி போய்விட வேண்டும். 1983இல் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்கிட் சுண்டெலிக்கு டி-செல்லும் பி-செல்லும் இல்லை. அதன் மேல் ஐஎல்-2 ஏற்பியின் காமா சங்கிலியையும் நீக்கியபோது இயற்கைக் கொல்லி செல்களும் போயின. 2002இல் ஜப்பானில் என்ஓஜி, 2005இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்திலிருந்து என்எஸ்ஜி என்று இரண்டு வகைகள் அறிவிக்கப்பட்டன. இவை இரண்டும் என்ஓடி என்ற ஆய்வகச் சுண்டெலி வழி வந்தவை. அந்த வழிச் சுண்டெலியின் விழுங்கு செல்களில் இருக்கும் சர்ப்-ஆல்ஃபா புரதம் மனித செல்லின் சிடி47 புரதத்தோடு தற்செயலாக நன்றாகப் பொருந்துகிறது. அதனால் மனித செல்லை அவை விழுங்காமல் விட்டுவிடுகின்றன. இத்தனை பெரிய துறை இப்படி ஒரு தற்செயல் பொருத்தத்தின் மேல் நிற்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இந்தச் சுண்டெலிக்கு 50 லட்சம் முதல் ஒரு கோடி வரை மனித ரத்த வெள்ளையணுக்களை (பிபிஎம்சி) ரத்தநாளம் வழியாக ஏற்றுவது எளிய முறை. சில வாரத்தில் மனித டி-செல்கள் பெருகிவிடும். இதன் பெரிய பலம், நோயாளியின் சொந்தச் செல்களையே ஏற்றலாம் என்பது. ம்யூனிக்கில் ஒரு குழு பெருங்குடல் புண் அழற்சி நோயாளிகளின் ரத்த செல்களை என்எஸ்ஜி சுண்டெலிக்கு ஏற்றி, மலக்குடல் வழியாக எத்தனால் கொடுத்து அழற்சியைத் தூண்டியது. அந்தச் சுண்டெலிகளில் இன்ஃப்ளிக்ஸிமாப் வேலை செய்தது. ஜெர்மனியின் எர்லாங்கன் ஆய்வாளர்கள் இதே வகைச் சுண்டெலியில், நோயாளிகளின் டி-செல்கள் குடலுக்கு எந்த வழியாகப் போய்ச் சேர்கின்றன என்று பின்தொடர்ந்தார்கள். செல்கள் குடலுக்குள் நுழைவதைத் தடுக்கும் வெடோலிசுமாப் போன்ற மருந்துகளைப் புரிந்துகொள்ள இந்த வகைச் சோதனை மிகவும் பயன்படும்.

சரி, பலவீனம் என்ன? ஏற்றிய டி-செல்களுக்குச் சுண்டெலியின் உடல் முழுவதும் அந்நியம்தான். மூன்று முதல் ஆறு வாரத்தில் அவை சுண்டெலியையே தாக்கத் தொடங்கும். முடி சிலிர்க்கும், முதுகு வளையும், எடை குறையும். குடல் அழற்சியை அளக்கவும் நாம் எடை குறைவதைத்தான் முதலில் பார்க்கிறோம்! நான் பயிற்சி எடுத்த காலத்தில் ஒரு தொகுதிச் சுண்டெலிகளின் எடை சரிந்ததைப் பார்த்து மாதிரி அமைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். நுரையீரலையும் கல்லீரலையும் வெட்டிப் பார்த்தபோது அங்கேயும் மனித டி-செல்கள் நிறைந்திருந்தன. குடலில் இருந்தது அந்தப் பொதுத் தாக்குதலின் ஒரு பகுதிதான். அன்றிலிருந்து, பெருங்குடலை மட்டும் வெட்டிப் பார்த்துவிட்டு எழுதிய எந்த முடிவையும் நான் நம்புவதில்லை. நுரையீரல், கல்லீரல், தோல் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆரோக்கியமானவரின் செல் ஏற்றிய குழு ஒன்றும், செல் ஏற்றியும் எத்தனால் கொடுக்காத குழு ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். செல்லின் மேல் அடையாள அட்டை மாதிரி இருக்கும் சுண்டெலியின் எம்ஹெச்சி மூலக்கூறுகளை நீக்கிய என்எஸ்ஜி வகைகளில் இந்தத் தாக்குதல் தள்ளிப்போகும். பணம் இருந்தால் அதை வாங்குங்கள்.

இன்னொன்று. டி-செல் தவிர மற்றவை பெரும்பாலும் தங்குவதில்லை. பி-செல்லும் மோனோசைட்டும் சீக்கிரம் மறைந்துவிடும். பெருங்குடல் புண் அழற்சியில் குடலின் குழிகளுக்குள் கூட்டமாக நுழைந்து சீழ் கட்டும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் இந்த மாதிரியில் மனிதனுடையவை அல்ல, சுண்டெலியுடையவை.

## ஸ்டெம் செல் ஏற்றிய சுண்டெலி

தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து, ரத்த செல்களை உருவாக்கும் சிடி34 ஸ்டெம் செல்களைப் பிரித்து, கதிர்வீச்சு கொடுத்த சுண்டெலிக்கு ஏற்றினால் 12 முதல் 16 வாரத்தில் பல வகை மனித நோயெதிர்ப்புச் செல்கள் உருவாகும். இங்கே டி-செல்கள், அவற்றைப் பழக்கும் உறுப்பான சுண்டெலியின் தைமஸிலேயே வளர்வதால் உடலைத் தாக்குவது வெகுவாகக் குறைவு. மாதக்கணக்கில் சோதனை செய்யலாம். நாட்பட்ட நோய்க்கு இந்த நீண்ட காலம் பெரிய வரம்.

அதே தைமஸ்தான் இதன் குறையும்கூட. அங்கே பாடம் படித்த மனித டி-செல், சுண்டெலியின் எம்ஹெச்சி வழியாகவே உலகைப் பார்க்கிறது. மனிதனின் எம்ஹெச்சியான எச்எல்ஏவின் மரபணு சேர்த்த வகைகள் இதை ஓரளவு சரிசெய்கின்றன. காமா சங்கிலி இல்லாததால் நிணநீர்க் கணுக்களும் குடலின் நிணநீர்த் திட்டுகளும் சரியாக வளர்வதில்லை. குடல் நோயை ஆராய வாங்கிய சுண்டெலியின் குடலில் அந்த அமைப்பே பாதிதான் இருக்கிறது என்பதை விற்பனைக் கையேடுகள் பெரிதாகச் சொல்வதில்லை. மனித நியூட்ரோஃபில் மிகக் குறைவு, முதிர்ந்த ஐஜிஜி எதிர்ப்புப் புரதம் குறைவு, என்ஓடி வழி வந்ததால் சி5 நிரப்புப் புரதமும் இல்லை. ஸ்கிட் பழுது கதிர்வீச்சைத் தாங்கவிடாது. கதிர்வீச்சு குடலையும் காயப்படுத்தும். அந்தக் காயம் ஆறிய பிறகே அழற்சிச் சோதனையைத் தொடங்க வேண்டும்.

மனித விழுங்கு செல்கள் வேண்டும் என்றால் 2014இல் அறிவிக்கப்பட்ட எம்ஐஎஸ்டிஆர்ஜி என்ற வகை உண்டு. மனித வளர்ச்சிக் காரணிகளின் மரபணுக்கள் சேர்க்கப்பட்டவை. ஆனால் அதில் உருவாகும் மனித விழுங்கு செல்கள் சுண்டெலியின் சிவப்பணுக்களைத் தின்று ரத்தசோகையை உண்டாக்கும், ஆயுள் குறையும். கருவின் தைமஸும் கல்லீரலும் பொருத்தும் பிஎல்டி வகை எச்ஐவி ஆய்வில் நன்றாக உழைத்திருக்கிறது. நம் ஊரில் கருத்திசு பெறுவதில் இருக்கும் அறச்சிக்கலை நினைத்தால் அதைக் குடல் நோய்க்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொரு அடிப்படைக் கேள்வி இருக்கிறது: தொப்புள்கொடி ரத்தம் கொடுத்த குழந்தைக்குக் குடல் அழற்சி நோய் இல்லையே? ஆக, இங்கே கிடைப்பது மனித செல்தான், நோயாளியின் செல் அல்ல. ஒற்றை மரபணுப் பழுதால் வரும் நோய்களில் மட்டும் இது தலைகீழாகிறது. ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதான குழந்தைக்கு ஒழுங்குபடுத்தும் டி-செல்கள் வேலை செய்யாது. குடல் உட்பட பல உறுப்புகள் தாக்கப்படும். பாஸ்டன் ஆய்வாளர்கள் அப்படி ஒருவரின் ஸ்டெம் செல்களைச் சுண்டெலிக்கு ஏற்றியபோது சுண்டெலிக்கும் உயிர்க்கொல்லியான தன்னெதிர்ப்பு நோய் வந்தது. ஸ்டெம் செல் ஏற்றிய சுண்டெலியின் உண்மையான இடம் அங்கேதான் என்று நான் நினைக்கிறேன்.

## மனிதக் குடல் நுண்ணுயிர் ஏற்றிய சுண்டெலி

கிருமியே இல்லாமல் வளர்த்த சுண்டெலிக்கு நோயாளியின் மலத்திலிருந்து நுண்ணுயிர்களைக் கொடுப்பது இது. சுண்டெலியின் சொந்த எதிர்ப்பு சக்தி முழுதாக இருக்கும். நியூயார்க் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட பணியில், நோயாளிகளின் நுண்ணுயிர் பெற்ற சுண்டெலிகளின் குடலில் அழற்சி தூண்டும் டிஎச்17 செல்கள் கூடின, ஒழுங்குபடுத்தும் ஒரு வகை டி-செல்கள் குறைந்தன. டி-செல் மாற்ற முறையில் அழற்சியும் கடுமையானது. பலரிடமிருந்து மலம் பெற்றுச் செய்ததால் அந்த முடிவுக்கு எடை இருக்கிறது.

எல்லாப் பணிகளும் அப்படி இல்லை. 2020இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டில், மனித நுண்ணுயிர் ஏற்றிய 38 ஆய்வுகளில் 36, நோயின் ஏதோ ஒரு தன்மை சுண்டெலிக்கு மாறியதாகச் சொல்லியிருந்தன. இத்தனை வெற்றி நம்பும்படியாக இல்லை என்பதே அதை எழுதியவர்களின் கவலை. மூன்று நோயாளிகளின் மலத்தைக் கலந்து ஒரே குழுவாக்கி இருபது சுண்டெலிக்குக் கொடுத்தால் அது ஒரே ஒரு மாதிரி, இருபது அல்ல. அப்புறம், மனித நுண்ணுயிர் எல்லாம் சுண்டெலியின் குடலில் குடியேறுவதில்லை. குடியேறினாலும் வேலை செய்ய வேண்டுமே: 2012இல் ஹார்வர்ட் குழு ஒன்று காட்டியதுபோல், மனித நுண்ணுயிர் மட்டும் பெற்ற சுண்டெலியின் குடல் எதிர்ப்பு சக்தி முழுதாக முதிர்வதில்லை, சுண்டெலிக்கு அதன் சொந்த நுண்ணுயிர்களே தேவைப்படுகின்றன.

கிருமியற்ற கூடாரம் இல்லாதவர்கள் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துக் குடலைக் காலி செய்துவிட்டு மலம் கொடுக்கிறார்கள். செலவு குறைவு. மிச்சமிருக்கும் பழைய நுண்ணுயிரின் பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது.

## ஒரே ஒரு மனித மரபணு சேர்த்த விலங்கு

இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. மருந்து பிடிக்கும் புரதம் ஒன்று மட்டும் மனிதனுடையதாக இருந்தால் போதும் என்றால், அந்த ஒரு மரபணுவை மாற்றிய சுண்டெலி போதும். எதிர்ப்பு சக்தி முழுசாக இருக்கும், கொடையாளி தேவையில்லை, ஒவ்வொரு சுண்டெலியும் மற்றதைப் போலவே இருக்கும். மனித எச்எல்ஏ-பி27 மரபணுவை (அதன் துணைப் புரதமான பீட்டா-2 மைக்ரோகுளோபுலினின் மரபணுவோடு) சேர்த்த பெரிய எலிகளுக்கு (இவை சுண்டெலி அல்ல, ராட்) 1990 வாக்கில் தானாகவே குடல் அழற்சியும் மூட்டு அழற்சியும் வந்தன. கிருமியற்ற சூழலில் வளர்த்தபோது வரவில்லை. மரபணுவும் நுண்ணுயிரும் சேர்ந்துதான் நோயை உண்டாக்குகின்றன என்பதை இவ்வளவு சுத்தமாகக் காட்டிய சோதனைகள் குறைவு.

வாங்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: மனிதப் புரதம் சுண்டெலியின் ஏற்பியோடு பேசுமா? மனித டிஎன்எஃப் சுண்டெலியின் முதல் வகை ஏற்பியோடு சேரும், இரண்டாம் வகையோடு சேராது. இதைத் தெரியாமல் செய்தால் பாதிக் கதையை முழுக் கதை என்று எழுதிவிடுவோம்.

## ஒரே பார்வையில்

| மாதிரி | மனிதனுடையது | காலம் | பெரிய பலவீனம் | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|---|---|
| சாதாரண சுண்டெலி | எதுவும் இல்லை | டிஎஸ்எஸ் 1-2 வாரம். டி-செல் மாற்றம் 5-8 வாரம் | மனிதனுக்கே உரிய மருந்துக்கு உதவாது | உட்பூச்சு, அடிப்படை இயக்கமுறை |
| ரத்த செல் ஏற்றியது | பெரும்பாலும் டி-செல் | 3-6 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் | செல்கள் சுண்டெலியையே தாக்கும் | நோயாளியின் டி-செல், குறுகிய கால மருந்துச் சோதனை |
| ஸ்டெம் செல் ஏற்றியது | பல வகை எதிர்ப்புச் செல்கள் | தயாராகவே 12-16 வாரம் | குடல் நிணநீர் அமைப்பு குறை, நோயாளியின் செல் அல்ல | ஒற்றை மரபணு நோய், நீண்ட காலச் சோதனை |
| மனித நுண்ணுயிர் ஏற்றியது | குடல் நுண்ணுயிர் | குடியேறச் சில வாரம், அதன்பின் சோதனை | எல்லாம் குடியேறாது, கொடையாளி எண்ணிக்கை குறைவு | நுண்ணுயிரே கேள்வியாக இருக்கும்போது |
| ஒரு மரபணு சேர்த்தது | ஒரு புரதம் | வாங்கினால் உடனே, உருவாக்கினால் நீண்ட காலம் | மற்ற எல்லாம் சுண்டெலி | மருந்தின் இலக்கு தெளிவாகத் தெரிந்தால் |

குடலின் உட்பூச்சு மட்டும் மனிதனுடையதாக வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஐந்தில் எதுவும் பொருந்தாது. 2011 முதல் மனிதப் பெருங்குடல் செல்களிலிருந்து தட்டில் சிறு உறுப்புகள் (ஆர்கனாய்டு) வளர்க்க முடிகிறது. அதில் தொடங்குங்கள், ஒரு விலங்கையும் வருத்த வேண்டியதில்லை.

## ரத்தத்தின் கணக்கு

ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 10 முதல் 20 லட்சம் பிபிஎம்சி கிடைக்கும். ஒரு சுண்டெலிக்கு ஒரு கோடி என்றால் பத்துச் சுண்டெலிக்குப் பத்துக் கோடி. அதாவது 50 முதல் 100 மில்லி ரத்தம், பிரிக்கும்போது வீணாவது தனி. தினமும் மலத்தில் ரத்தம் போய்ச் சோகை பிடித்திருக்கும் நோயாளியிடம் அவ்வளவு கேட்க எனக்கு மனம் வராது, அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. நடைமுறையில் ஒருவரின் ரத்தத்தில் நான்கைந்து சுண்டெலி என்றே திட்டமிடுங்கள்.

ஐந்து நோயாளிகள், ஆளுக்கு ஆறு சுண்டெலி என்றால் உங்கள் எண்ணிக்கை 30 அல்ல, 5. ஒரே நோயாளியின் ஆறு சுண்டெலிகள் அண்ணன் தம்பிகள் மாதிரி. அவற்றைத் தனித்தனி ஆட்களாக எண்ணிப் புள்ளியியல் செய்தால் இல்லாத வேறுபாடும் இருப்பதாகத் தெரியும். சுண்டெலிகளைக் குறைத்து, நோயாளிகளைக் கூட்டுங்கள். ஒவ்வொரு நோயாளியின் செல்லும் மருந்துக் குழுவிலும் மருந்தில்லாத குழுவிலும் சரிபாதியாகப் போகட்டும்.

இந்தியாவில் செய்பவர்கள் அனுமதிகளுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். விலங்கு அறநெறிக் குழு, மனித அறநெறிக் குழு, உயிரிப் பாதுகாப்புக் குழு ஆகிய மூன்றும் பார்க்கும். ஸ்டெம் செல் என்றால் 2017 வழிகாட்டுதலின்படி அதற்கான நிறுவனக் குழுவும் உண்டு. என்எஸ்ஜி போன்ற சுண்டெலிகளை வாங்கும்போது இனப்பெருக்கம் செய்ய உரிமை இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டியிருந்தால் முழுக் கணக்கும் மாறும். கூண்டு, தீனி, தண்ணீர் எல்லாம் கிருமி நீக்கப்பட்டிருக்க வேண்டும். விலங்குக் கூடத்தில் ஒரு தொற்று வந்தால் 16 வாரக் காத்திருப்பு ஒரே வாரத்தில் போய்விடும்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று: குடல் காசநோயும் க்ரோன் நோயும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் சிறுகுடலின் கடைசியைப் பிடிக்கும், இரண்டிலும் அழற்சிச் செல்கள் திரண்ட நுண்கட்டிகள் (கிரானுலோமா) உண்டு. பலருக்கு முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்த்த பிறகே எது என்று தெரிகிறது. க்ரோன் நோயாளி என்று எழுதி ஏற்றிய செல், காசநோயாளியின் செல்லாக இருந்தால் சோதனை முழுவதும் வேறு நோயைப் பற்றியதாகிவிடும். எனவே நோய் உறுதியாகி குறைந்தது சில மாதம் ஆனவரிடம் மட்டும் ரத்தம் கேளுங்கள். காசநோய் மருந்து எப்போதாவது எடுத்தாரா, இப்போது ஸ்டீராய்டோ அசதயோப்ரினோ உயிரி மருந்தோ எடுக்கிறாரா, கடைசி ஊசி எந்தத் தேதியில் போட்டார், எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி சோதனை முடிவு என்ன என்பதையெல்லாம் மருத்துவரிடம் ரத்தம் எடுக்கும் நாளிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு சுண்டெலிக் குழு மட்டும் ஏன் விலகி நிற்கிறது என்று தேடும்போது அந்தத் தாள்தான் முதலில் தேவைப்படும்.